கணக்குப்பிள்ளை பதில்கள்: வசவு, தெறி, சவத்துமூதி

(பாவூர்ச்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடைக் கணக்கராக இருந்தவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் ஆறு வயது மகன் லாரிக்காரர்களிடம் 'பட்டி' என்ற சொல்லைக் கற்று வந்து எல்லோரையும் அப்படியே அழைக்கிறான். கணவர் சிரிக்கிறார். புனலூரில் பிறந்த என் மாமியாருக்கோ முகம் சிவந்துவிடுகிறது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?
– வாசகி, புளியரை

மாமியார் பக்கம்தான் நியாயம் அம்மா. நமக்குப் பட்டி என்பது ஆடுமாடு அடைக்கும் இடம். மலையாளம் பேசும் அவருக்கு அது நாய். மகன் தன்னை 'நாயே' என்று அழைத்தால் சிரிப்பாரா என்று உங்கள் கணவரிடம் கேளுங்கள்.

சந்தையில் தினமும் பார்த்ததுதான் இது. எங்கள் சுமைதூக்குபவர்கள் கோபம் முற்றினால் மலையாளத்துக்குத் தாவுவார்கள். கொல்லத்திலிருந்து தக்காளி ஏற்ற வந்த ஓட்டுநர்கள் தமிழில் திருப்பிக் கொடுப்பார்கள். இரு தரப்பும் தங்கள் வாய் சுத்தம் என்றே நினைத்துக்கொள்ளும்! லண்டனில் பன்மொழியாளர்களை ஆராய்ந்த ழான் மார்க் டெவேல் என்பவர் இதைப் பற்றி 2004இல் எழுதினார். முதலில் கற்ற மொழியின் வசவுக்கே உணர்ச்சி வேகம் அதிகம், பின்னால் கற்ற மொழியில் அது குறைவு என்றார். 'வாயில் மிளகாயைத் தேய்த்துவிடுவேன்' என்று அம்மா மிரட்டியதெல்லாம் தமிழ்ச் சொற்களுக்குத்தானே? மலையாளச் சொல்லுக்கு அந்த மிரட்டல் விழவில்லை. அதனால் அது கூச்சமின்றி வருகிறது. அதைக் கேட்கும் மலையாளிக்கோ சிறு வயதில் விழுந்த அடி அந்தச் சொல்லுக்குத்தான். பையனிடம் பொருளைச் சொல்லிவிடுங்கள், போதும்.

கேள்வி: கேரளத்தில் கொடுங்கல்லூர் பகவதி கோயிலின் பரணித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பகவதி முன்னிலையிலேயே தெறிப்பாட்டு, அதாவது ஆபாச வசைப்பாட்டு, பாடுகிறார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வரியை முணுமுணுத்தேன், அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இல்லை. தெய்வம் பொறுப்பதை மனைவி பொறுக்கக் கூடாதா?
– வாசகர், பாலக்காடு

மீன மாதத்தில் (நம் பங்குனி), அந்தச் சந்நிதியில், கூட்டத்தோடு கூட்டமாகப் பாடுவதற்குத்தான் அனுமதி. அதைச் சமையலறை வரை நீட்டிக்க உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?

கேள்வி: திட்டினால் வலி குறையும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கடையநல்லூர்

ஓரளவுக்கு உண்மை. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைப் பனிநீரில் கையை முக்கிவைக்கச் சொன்னார்கள். கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தபோது அவர்களால் கூடுதல் நேரம் தாங்க முடிந்தது. 2009இல் அந்த முடிவு வெளிவந்தது. பின்னர் நடந்த சோதனையில், நாள் முழுவதும் திட்டுகிறவர்களுக்கு இந்தப் பலன் குறைவு என்றும் தெரிந்தது. சேமித்து வைத்துச் செலவழியுங்கள்.

கேள்வி: பஸ்ஸில் ஒருவர் ஆபாசமாகத் திட்டினால் புகார் கொடுக்க முடியுமா?
– வாசகர், செங்கோட்டை

முடியும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294ஆவது பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆவது பிரிவில் இருக்கிறது. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும்படி ஆபாசச் சொல் பேசினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சந்தையில் ஒரு கடை முதலாளி இருந்தார். வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வராது. ஆபாசமாகப் பேசும் பையன்களைக் கடைக்கு வெளியே நிறுத்திவிடுவார். அதே மனிதர், தன் தகப்பன் வயதுள்ள சுமைதூக்குபவரைச் சாதிப் பெயர் சொல்லி, 'டா' போட்டு மூட்டையை நகர்த்தச் சொல்வார். அப்போது யாரும் காதைப் பொத்திக்கொண்டதில்லை. ஒருநாள் அந்தப் பெரியவர் என் மேஜையருகே உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "ஆத்தாளை இழுத்துத் திட்டினால் நானும் அவன் ஆத்தாளை இழுப்பேன், கணக்கு நேராகிவிடும். இதற்கு நான் எதைத் திருப்பிச் சொல்வது, கணக்குப்பிள்ளை?"

என்னிடம் பதில் இல்லை, சட்டத்திடம் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களை, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் பலர் காணும் இடத்தில் சாதிப் பெயரால் திட்டினால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை. ஆபாசத்துக்கு உச்சமே 3 மாதம்! நம் வீடுகளில் மட்டும் இந்தக் கணக்கு இன்னும் தலைகீழாகவே இருக்கிறது. உடலுறுப்பின் பெயரைச் சொன்ன பிள்ளைக்கு அடி விழுகிறது, சாதிப் பெயரைச் சொல்லி ஏளனம் செய்த பெரியப்பாவுக்கு இரண்டாவது காபி வருகிறது.

கேள்வி: என் ஆச்சி பாசத்தில்கூட 'சவத்துமூதி' என்றுதான் அழைப்பார். சென்னையிலிருந்து வந்த என் மனைவி அதைக் கேட்டு அழுதுவிட்டாள். என்ன செய்வது?
– வாசகர், தென்காசி

ஆச்சியைத் திருத்தும் வேலையைக் கைவிடுங்கள். சொல்லுக்குப் பொருள் விளக்கவும் போகாதீர்கள், சவத்தையும் மூதேவியையும் பிரித்துச் சொன்னால் அந்தப் பெண் இன்னும் அழுவார். ஆச்சி யாரையெல்லாம் அப்படி அழைப்பதில்லை என்று கவனிக்கச் சொல்லுங்கள். தபால்காரரை அழைப்பதில்லை, பிடிக்காத பக்கத்து வீட்டாரை அழைப்பதில்லை. சம்பந்தியம்மா வந்தால் 'வாருங்கள், உட்காருங்கள்' என்று ஒரு சொல் பிசகாமல் பேசி, காபியில் சர்க்கரையைக் குறைத்துவிடுவார்.