பஞ்சர் சொல்யூஷன்தானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். சனி, ஞாயிறுகளில் அவன் மாமாவின் டூ வீலர் ஒர்க்‌ஷாப்புக்குப் போவான். போன வாரம் துணி துவைக்கும்போது அவன் பேன்ட் பாக்கெட்டில் ஒரு கர்ச்சீப் கிடைத்தது. கஞ்சி போட்டதுபோல் விறைத்து, மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்கூல் பையில் பிதுக்கித் தீர்த்த பஞ்சர் சொல்யூஷன் டியூப் நான்கு. அவன் அப்பா பெல்ட்டை எடுத்தார். பையன் மொட்டை மாடிக்கு ஓடிவிட்டான். இப்போது அவரே, “கஞ்சாவா அடிச்சான்? சொல்யூஷன்தானே, வயசுக் கோளாறு, விடு” என்கிறார். நாத்தனார், மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்? வீட்டில் 9 வயது மகளும் இருக்கிறாள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த மொட்டை மாடி விஷயம். அன்று உங்கள் மகன் ஓடித் தப்பித்ததை நினைத்து நிம்மதி அடையுங்கள். ஆனால் இனி ஒருபோதும் அவனைத் துரத்தாதீர்கள். மாடி உயரம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. போதைக்காக முகரும் சொல்யூஷன், தின்னர், ஒயிட்னர், பெட்ரோல் போன்றவற்றின் ஆவி உடம்பில் இருக்கும்போது, இதயத் தசை அட்ரினலின் என்ற ஹார்மோனுக்கு அளவுக்கு மீறிக் கூசும். பயந்தாலோ ஓடினாலோ அடி விழுந்தாலோ அட்ரினலின் சட்டென்று ஏறும். அப்போது இதயம் முறையாகத் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கலாம். அப்படி ஆனால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். 1970-ல் மில்லர்ட் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இப்படித் திடீரென்று இறந்த 110 இளைஞர்களைப் பற்றி எழுதினார். அதில் சிலர், முகர்ந்த கையோடு ஓடியவர்கள். நாள்பட்ட பழக்கம் இருந்தால்தான் இப்படி ஆகும் என்றில்லை. முதல் தடவையிலேயே நடக்கும், நேற்று வரை ஆரோக்கியமாக இருந்த பிள்ளைக்கும் நடக்கும்.

உங்கள் கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கஞ்சா இல்லையே என்று அவர் ஆறுதல் அடைவது புரிகிறது. ஆனால் ஒரே நாளில் உயிரைப் பறிப்பதில் இந்த ஆவி கஞ்சாவைவிடக் கொடியது. சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்ட போதைப் பழக்கம் இது ஒன்றுதான்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1.17 சதவீதம். கடையில் யாரும் சந்தேகிக்காமல் கொடுக்கும் சாமான் என்பதால் முதலில் கைக்கு வருவது இதுதான். பாட்டில் ஒயிட்னர், அதைக் கரைக்கும் தின்னர் ஆகியவற்றின் சில்லறை விற்பனைக்கு 2012-லேயே மத்திய அரசு தடை போட்டது. பஞ்சர் டியூபும் பெயிண்ட் தின்னரும் தொழிலுக்கு வேண்டியவை, அவற்றை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

இனி ஒரு நாள் அவனைப் போதை மயக்கத்தோடு பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது? குரலை உயர்த்தாதீர்கள். ஜன்னல் கதவுகளைத் திறந்துவிடுங்கள்; அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது, அந்த ஆவி தீப்பிடிக்கும். கையில் இருப்பதைப் பிடுங்க மல்லுக்கட்டாமல், மெதுவாக வாங்கி வெளியே வையுங்கள். காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து, தெளியும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போனால் அதுவே ஆளை முடித்துவிடும். நினைவு தப்பி மூச்சு மட்டும் இருந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துவிட்டு 108-ஐ அழையுங்கள். மூச்சே இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, காத்திருக்காமல் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள். ஆம்புலன்ஸில் வருபவரிடம் “சொல்யூஷன் முகர்ந்திருக்கிறான்” என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். இதயத்தைத் தூண்டும் சில மருந்துகளை அவர்கள் யோசித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். வெட்கப்பட்டு மறைத்தால் அந்த யோசனைக்கே இடம் இருக்காது.

அந்த ஆவி உள்ளே என்ன செய்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பசையிலும் தின்னரிலும் இருக்கும் டொலுவின் போன்ற கரைப்பான்கள் கொழுப்பில் கரைபவை. மூளையில் கொழுப்பு அதிகம், நரம்பைச் சுற்றியிருக்கும் உறையே கொழுப்புதான். ஒயர் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகினால் என்ன ஆகுமோ அதுபோல ஞாபகம், கவனம், நடை எல்லாம் தள்ளாடும். ரப்பர் பசை சிலவற்றில் ஹெக்சேன் என்ற கரைப்பான் இருக்கும். அது கை கால் நரம்புகளைத் தாக்கும். பையனிடம், “நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் போயிருக்கிறதா?” என்று கேட்டுப் பாருங்கள். பாதம் மரத்துப்போவதற்கு இது நல்ல அடையாளம். நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் இது கூடிக்கொண்டு போகலாம். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். டொலுவின் சிறுநீரகத்தையும் கெடுத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். காலையில் எழும்போது கைகால் துவண்டு போவது, குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழ முடியாமல் தவிப்பது என்று எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-க்குக் கீழே மிகவும் இறங்கினால் இதயத்துக்கு ஆபத்து.

மெடிக்கல் ஷாப்பில் போதை டெஸ்ட் கிட் வாங்கிப் பார்க்கலாமா என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அவற்றில் இது தெரியவே தெரியாது. ‘இல்லை’ என்று வந்ததும் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். அதைவிட உங்கள் மூக்கையும் கண்ணையும் நம்புங்கள். சட்டைக் காலரில் பெட்ரோல் பங்க் வாடை, மூக்கையும் வாயையும் சுற்றிக் காய்ந்து வெடித்த சிவப்புத் தடிப்பு, காரணமில்லாத தலைவலி, சாப்பாட்டில் வெறுப்பு, எரிந்து விழும் கோபம் இவையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிடும்.

அவனிடம் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்டு முடித்த நேரமாகப் பாருங்கள். “ஏன்டா இப்படிப் பண்ணினே?” என்ற கேள்விக்கு 14 வயதுப் பையனிடம் பதில் இருக்காது. “எப்ப இருந்து? வாரத்துல எத்தனை நாள்? கூட யார் இருப்பாங்க? தனியா இருக்கும்போதும் செய்யறியா?” என்று கேளுங்கள். பயத்தில் குறைத்துச் சொல்வான், பரவாயில்லை. சொன்னதைத் தேதியோடு குறித்து வையுங்கள். தனியாக இருக்கும்போதும் செய்கிறான் என்றால் சிகிச்சை தள்ளிப்போடக் கூடாதது. பள்ளி விட்டு நீங்கள் வரும்வரை இருக்கும் அந்த மூன்று மணி நேரம்தான் இங்கே ஓட்டை. ட்யூஷனோ, கபடிப் பயிற்சியோ, பாட்டி வீடோ, யாராவது பெரியவர் கண்ணில் இருக்கும்படி அதை அடைத்துவிடுங்கள். மாமாவின் ஒர்க்‌ஷாப்புக்கு இப்போதைக்குப் போக வேண்டாம். மாமாவிடம் உண்மையைச் சொல்லி, டியூபுகளைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

நாத்தனார் சொல்லும் மறுவாழ்வு மையத்தைப் பற்றி. பெரிய குடிநோயாளிகளோடு 14 வயதுப் பிள்ளையைப் பூட்டி வைக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, கூடவே பெற்றோரோ பொறுப்பாளரோ முழு நேரமும் தங்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. “பார்க்க வராதீங்க, மூன்று மாதம் கழித்து வாங்க” என்று சொல்லும் மையம் எதுவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு முதலில் போங்கள். இதற்கென்று மாற்று மாத்திரை எதுவும் கிடையாது. நிறுத்திய முதல் சில நாள் தூக்கமின்மை, எரிச்சல், தலைவலி, வியர்வை வரலாம். அதைச் சமாளிக்க மருந்து தருவார்கள். மீதியெல்லாம் வாரந்தோறும் ஆலோசனை, நல்ல சாப்பாடு, தூக்கம். முழுதாக நிறுத்திவிட்டால் மூளை மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறும். அவன் வயது இதற்குப் பெரிய துணை. கிளம்பும் முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால், போதைப் பழக்கத்துக்கான இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. குழந்தைகளுக்கான 1098-க்கு உங்கள் மகனே கூடப் பேசலாம்.

மகளிடம் ‘போதை’ என்ற சொல்லே வேண்டாம். அந்தச் சொல்லில் ஒரு ஈர்ப்பு இருக்கிறது. பெயிண்ட், பசை, பெட்ரோல் ஆவி விஷம், கரப்பான்பூச்சி மருந்துபோல, அதன் பக்கம் மூக்கைக் கொண்டுபோகக் கூடாது என்று சொன்னால் போதும். வகுப்பு ஆசிரியையிடம் தனியாகப் பேசுங்கள். ஆனால் எந்தெந்தச் சாமான் என்று பட்டியல் போட்டு வகுப்பில் கூட்டம் நடத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், தெரியாத பிள்ளைக்கும் அது பாடமாகிவிடும்.

மருத்துவமனைக்குப் போகும்போது இரண்டு டியூபை ஒரு கவரில் போட்டு இறுக்கக் கட்டி எடுத்துப்போங்கள். அதன் லேபிளில் என்னென்ன கரைப்பான் எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான், பொட்டாசியம், சிறுநீரகம், ஈ.சி.ஜி. தவிர நரம்புப் பரிசோதனையும் வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார்.