மழை இறங்கும் வழியில் கழிவும் இறங்குமா? நிலத்தடி நீர் கேள்வி பதில்

வேளச்சேரி வாசகி: சார், சென்னைக்கு அடியில் குகை விழும் சுண்ணாம்புப் பாறை உண்டா?

இல்லைங்க. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை. திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரம் மணல்.

அம்பத்தூர் வாசகர்: என் சொந்த ஊர் அரியலூர் பக்கம். சுண்ணாம்புப் பாறையில் கிணறு இருந்தால் பயப்படணுமா?

சுண்ணாம்புப் பாறை இருக்கும் இடமெல்லாம் குகை இருக்காது. மேலே களிமண் எவ்வளவு கனம், பாறையில் விரிசல் உண்டா என்று முதலில் பாருங்கள். மழைநீர் மண்ணிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து லேசான அமிலமாகி, விரிசல்களை அரித்து அகலமாக்கும். பிறகு அந்த வழியில் தண்ணீர் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில்கூடப் போகும்; வடிகட்ட மண்ணே இருக்காது. கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000 மே மாதம் கனமழை மாட்டுச்சாணக் கிருமிகளை ஆழமில்லாத குடிநீர்க் கிணற்றில் சேர்த்தது. குளோரின் போடுவதிலும் அலட்சியம். 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். அந்தக் கிணற்றின் கீழே இருந்தது விரிசல் விட்ட சுண்ணாம்பு வகைப் பாறை.

கிண்டி, முதுகலை மாணவர்: நிலத்தடி நீர் எங்கே எளிதில் மாசுபடும் என்று வரைபடம் போடும் ஆய்வுக்கு டிராஸ்டிக் (DRASTIC) முறை போதுமா சார்?

கார்ஸ்டுக்கு, அதாவது தண்ணீர் அரித்துக் குழியும் குகையுமான சுண்ணாம்பு நிலத்துக்கு, அது மட்டும் போதாது தம்பி. 1987-ல் அமெரிக்காவில் வெளியான அந்த முறை நீர்மட்ட ஆழம், மண், சரிவு என 7 அம்சங்களைப் பார்க்கும். ஆனால் ஓடைநீர் ஒரு குழிக்குள் நேராக விழுந்து மண்ணையே தாண்டிப் போவதை அது தவறவிடும். சுவிட்சர்லாந்தின் எபிக் (EPIK) முறை அதற்காகவே வந்தது: பாறையின் மேல்பகுதி அரிப்பு, மண் மூடாக்கு, நீர் இறங்கும் விதம், உள்ளே பாதைகளின் வளர்ச்சி. கவனம், டிராஸ்டிக்கில் எண் கூடினால் ஆபத்து, எபிக்கில் குறைந்தால் ஆபத்து. படம் வரைந்தபின் குழியில் தண்ணீரின் பாதையைக் காட்டும் யுரேனின் என்ற சாயத்தை விட்டு, எந்த ஊற்றில் எப்போது வருகிறது என்று பாருங்கள். அந்தச் சோதனை இல்லாத வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

போரூர் வாசகர்: இந்த மாதிரி வரைபடத்தில் சிவப்பு என்றால் தண்ணீர் கெட்டுவிட்டதா?

இல்லை. சிவப்பு நிலத்தின் பலவீனத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். மேலே காடு இருந்தால் ஆபத்து குறைவு. குப்பைமேடோ பெட்ரோல் பங்க்கோ இருந்தால் அதே நிலம் பெரிய ஆபத்து.

பெசன்ட் நகர் வாசகி: அப்ப எங்களுக்கு இதில் என்ன சார்?

நிறைய இருக்கும்மா. மூடாமல் விட்ட போர்வெல்லும், தெருவெள்ளத்தை நேரே இறக்கும் மழைநீர்க் கிணறும் அதே குறுக்குவழிதான். மொட்டைமாடித் தண்ணீரை மட்டும், மணல் ஜல்லி வழியாக வடிகட்டி விடுங்கள். கார் நிற்கும் இடத்துத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கிணற்று நீரைக் கோடையில் மட்டும் சோதித்துத் திருப்திப்படாதீர்கள், ஐப்பசி அடைமழை முடிந்த கையோடு கொடுங்கள். 100 மில்லியில் மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈகோலி கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. முடிவு வரும்வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.