நாக்கைப் பற்றி ஆராய்ச்சி செய்யணும் என்கிறாள் பிள்ளை: தக்கலை அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை முழுதாகக் கேட்டேன். பின்னால் இருந்து மதினி பேசியதும் கேட்டது. பிள்ளைக்கு நீட் மார்க் பத்தாது, நர்சிங்கில் சேர்த்துவிட்டால் நாளைக்கு வெளிநாடு போய்ப் பிழைத்துக்கொள்வாள், இவளோ நியூட்ரிஷன் படிக்கணும் என்று நிற்கிறாள், சமையல் படிக்கவா இவ்வளவு செலவு பண்ணினேன் என்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அவள் கேட்பது சமையல் படிப்பு இல்லை. டயட் சார்ட் எழுதிக் கொடுக்கிற வேலையைக்கூட அவள் மனதில் நினைத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவளிடம் தனியாகப் பேசினேன், அதனால் சொல்கிறேன்.

குலசேகரத்தில் ஆச்சி வீட்டு வேலியில் சிறுகுறிஞ்சான் கொடி படர்ந்து கிடக்கிறதாமே, அந்த இலையை மென்று துப்பிவிட்டு ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டிருக்கிறாள், மணலை மென்றது மாதிரி இருந்ததாம். இது நம் ஊரில் நிறையப் பிள்ளைகள் செய்து பார்க்கிற விளையாட்டுதான். இவள் அதோடு விடவில்லை. அடுத்து உப்பைத் தொட்டு வைத்தாள், உப்பு உப்பாகவே இருந்தது, புளியும் புளித்தது. "இனிப்பு மட்டும் ஏன் போச்சு, எங்கே போச்சு?" என்று என்னிடம் கேட்டாள். அண்ணாச்சி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை, யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒன்றை மாற்றி மற்றதை மாற்றாமல் வைத்துச் சோதித்திருக்கிறாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதைத்தான் ஆராய்ச்சி என்கிறோம்.

பதிலையும் சொல்லிவிடுகிறேன். நாக்கில் இனிப்பை உணர்கிற செல்களில் டி1ஆர்2, டி1ஆர்3 என்று இரண்டு புரதங்கள் ஜோடியாக நிற்கின்றன. இந்த ஜோடியைத்தான் இனிப்பு ஏற்பி என்கிறார்கள், இதை அடையாளம் கண்டதே 2001 வாக்கில்தான். சிறுகுறிஞ்சானில் இருக்கிற ஜிம்னீமிக் அமிலம் போய் அந்த டி1ஆர்3-யில் ஒட்டிக்கொள்கிறது, கொஞ்ச நேரத்துக்குச் சீனி வந்தாலும் செல்லுக்குத் தெரியாது. உப்புக்கும் புளிப்புக்கும் வேறு ஏற்பிகள், அதனால் அவை தப்பித்தன. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அந்த அமிலம் மனிதனுக்கு வேலை செய்யும், எலிக்குச் செய்யாது. ஜப்பானில் ஒரு ஆய்வுக் குழு இதையே பிடித்துக்கொண்டு, மனிதனுடைய புரதத்தின் ஒரு துண்டையும் எலியுடைய புரதத்தின் ஒரு துண்டையும் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்து, எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று 2014-ல் காட்டினார்கள். உங்கள் பிள்ளை ஆச்சி வீட்டு முற்றத்தில் தொடங்கியதைத்தான் அவர்கள் ஆய்வுக்கூடத்தில் முடித்தார்கள்.

(ஒன்று இடையில் சொல்லணும், மதினிக்குச் சுகர் இருக்கிறது என்று தெரியும். சிறுகுறிஞ்சான் பொடி வாங்கிச் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடவும் வேண்டாம், சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பிருக்கிறது.)

இது நாக்கோடு நிற்கிற விஷயமும் இல்லை. அதே இனிப்பு ஏற்பி குடலிலும் இருக்கிறது. குளுக்கோஸை நரம்பில் ஏற்றினால் சுரக்கிற இன்சுலினைவிட, அதே அளவை வாயால் குடித்தால் அதிக இன்சுலின் சுரக்கிறது என்று 1964-லேயே கண்டார்கள். அப்படியென்றால் குடல் எதையோ உணர்ந்து கணையத்துக்குச் சேதி அனுப்புகிறது. அந்தச் சேதிகளில் ஒன்றுதான் ஜிஎல்பி-1 என்கிற ஹார்மோன். உடம்பு அதை ஓரிரு நிமிஷத்தில் சிதைத்துவிடும், ஆகவே அதை அப்படியே மருந்தாகக் கொடுக்க முடியாது. ஜான் எங் என்கிற அமெரிக்க ஆய்வாளர் கிலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் எச்சிலில் இதைப் போலவே இருக்கிற, ஆனால் சீக்கிரம் சிதையாத ஒன்றைக் கண்டுபிடித்தார். அது 2005-ல் சர்க்கரை நோய்க்கு மருந்தாக வந்தது. இன்றைக்கு உடல் எடைக்கு ஊசி என்று டிவியில் பேசுகிறார்களே, செமாக்ளுடைட், அதுவும் ஜிஎல்பி-1 போலவே வேலை செய்கிற மருந்துதான், 2025-ல் இந்தியச் சந்தையிலும் எடை குறைப்பு மருந்தாக வந்துவிட்டது. குடலில் இருக்கிற அந்த இனிப்பு ஏற்பிக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. அதாவது உங்கள் பிள்ளைக்கு வேலை மிச்சம் இருக்கிறது.

பசி என்பது மனக்கட்டுப்பாடு சம்பந்தப்பட்டது, இதில் படிக்க என்ன இருக்கிறது என்றும் கேட்டீர்கள். லெப்டின் என்று ஒரு ஹார்மோன், நம் கொழுப்புச் செல்களே சுரந்து மூளைக்கு "கையிருப்பு இருக்கிறது" என்று சொல்லும். 1994-ல் கண்டுபிடித்தார்கள். 1997-ல் இங்கிலாந்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகள், எட்டு வயசுப் பெண் 86 கிலோ, இரண்டு வயசுப் பையன் 29 கிலோ. பிறவியிலேயே அவர்களுக்கு லெப்டின் இல்லை. அந்தச் சேதி மூளைக்குப் போகவே இல்லை, எந்நேரமும் பசி. பிறகு அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கியது, எடையும் இறங்கியது. அதுவரை அந்தப் பெற்றோரை ஊர் என்ன பேசியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்டவர்கள் அரிது, எல்லாருடைய எடைக்கும் இது காரணம் இல்லை. ஆனாலும் பசி உடம்பில் ஓடுகிற ஒரு கணக்கு என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேல் சர்க்கரை நோயாளிகள் என்று 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொல்கிறது, அதை முன்னின்று நடத்தியது சென்னையில் இருக்கிற மெட்ராஸ் டயபிடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும், தேங்காய் அரைத்த தீயலும் தின்று வளர்ந்த நம் உடம்புகளைப் பற்றி நம் பிள்ளைகளே ஆராய்ந்தால் எனக்குச் சந்தோஷம்.

சரி, படிப்புக்கு வருவோம்.

நியூட்ரிஷன் என்ற ஒரே பெயருக்குள் வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் ஆக வேண்டுமென்றால் டயட்டெடிக்ஸில் முதுகலை, இன்டர்ன்ஷிப், இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன் நடத்துகிற ஆர்.டி. (பதிவு பெற்ற டயட்டீஷியன்) தேர்வு என்று போகணும். வேலை சீக்கிரம் கிடைக்கும், ஆனால் நம் மாவட்டத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். உணவு கம்பெனிகளில் ருசி பார்க்கிற குழுக்களை நடத்துகிற சென்சரி வேலை இன்னொன்று, அதற்கு மைசூரு சிஎஃப்டிஆர்ஐ (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம்) மாதிரி இடங்களைப் பார்க்கணும். மூன்றாவது, இவள் கேட்கிற ஆராய்ச்சி. இதற்கு உயிர்வேதியியல், உடலியங்கியல், புள்ளியியல் மூன்றும் கைவசம் இருக்கணும். அமெரிக்காவில் கெவின் ஹால் என்கிற ஆய்வாளர் 2019-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார், 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட் உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவு, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு தின்ற நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இந்த எண் எப்படி வந்தது என்றால், ஒவ்வொரு தட்டையும் கொடுக்கும்போதும் திரும்பி வரும்போதும் கிராம் கணக்கில் நிறுத்து எழுதியதால் வந்தது. பொறுமையும் கணக்கும் வேண்டிய வேலை. அவளுக்குக் கணக்கில் நல்ல மார்க் இருக்கிறதே, அதை வீணாக்க வேண்டாம்.

என் யோசனை இது. முதலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மதுரை சமுதாய அறிவியல் கல்லூரி, அங்கே ஃபுட், நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் நாலு வருஷ இளங்கலை இருக்கிறது, பல்கலைக்கழகத்துக்கென்று தனி ஆன்லைன் விண்ணப்பம், கலைக் கல்லூரி விண்ணப்பத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பெண்களுக்கு மட்டும் என்றால் கோவை அவினாசிலிங்கம், இந்தத் துறையில் பழைய பேர். இரண்டும் அமையவில்லை, அல்லது வெளியூர் ஹாஸ்டல் செலவு தாங்காது என்றால், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எய்டட் பிரிவில் வேதியியல் அல்லது விலங்கியல் எடுக்கட்டும், செலவு குறைவு, அஸ்திவாரம் உறுதி, முதுகலையில் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். பெயரில் மட்டும் நியூட்ரிஷன் இருந்து, ஆய்வுக்கூடம் ஒழுங்காக இல்லாத சுயநிதிப் படிப்பைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் முதுகலைக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் எம்.எஸ்ஸி. அப்ளைட் நியூட்ரிஷன். அந்த நிறுவனமே 1918-ல் நம் குன்னூரில் பெரிபெரி என்கிற வைட்டமின் குறைபாட்டு நோயை ஆராய மெக்கரிசன் என்ற டாக்டர் தொடங்கிய ஒரு சின்ன அறையிலிருந்து வளர்ந்தது, 1958-ல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. யாருக்குத் தகுதி என்பதை அந்தந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே, படிக்கும்போதே, குழித்துறையில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம் பக்கம்தானே, ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமும் பாப்பனங்கோட்டில் என்ஐஐஎஸ்டி என்கிற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன, ப்ராஜெக்டுக்கு எழுதிக் கேட்கட்டும். மரச்சீனியைப் பற்றி ஆராய நம் வீட்டு வாசலிலேயே ஒரு தேசிய நிறுவனம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

காலம் நீளும். இளங்கலை, முதுகலை, பிஎச்.டி. எல்லாம் சேர்த்துப் பத்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பத்து வருஷமும் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. சிஎஸ்ஐஆர், யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி மாணவர்களுக்கான உதவித்தொகைத் தகுதி) வாங்கிவிட்டால் 2023 தொடக்கத்திலிருந்து மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, இரண்டு வருஷம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. கல்யாணப் பேச்சு நடுவில் வரும், வரட்டும், அதற்காக இன்றைக்கே படிப்பைச் சுருக்காதீர்கள். முதுகலையோடு நிறுத்தினாலும் அவள் கையில் வேலைக்கான தகுதி இருக்கும்.

நர்சிங் நல்ல தொழில், நம் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்கள் அதனால் தலைநிமிர்ந்தன என்று எனக்கும் தெரியும். விருப்பம் இல்லாத பிள்ளையை நோயாளி பக்கத்தில் நிறுத்துவது அவளுக்கும் நல்லதில்லை, அந்த நோயாளிக்கும் நல்லதில்லை.

உங்கள் தெருவில் எடை குறைக்க ஷேக் பவுடர் கலக்கிக் கொடுக்கிற ஊட்டச்சத்து கிளப் நடத்துகிறவர் மூன்றே மாதத்தில் நியூட்ரிஷனிஸ்ட் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொன்னாரே, அதற்கு ஒரு ரூபாய் கட்டாதீர்கள். டயட்டீஷியன் போன்ற சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது, அந்த மாதிரிக் காகிதங்களுக்கு இனி மதிப்பு இன்னும் குறையும்.

இந்த வாரத்தில் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, சேர நினைக்கிற ஒவ்வொரு கல்லூரியின் பாடத்திட்டத்தையும் பிள்ளையே எடுத்துப் பார்த்து, உயிர்வேதியியல், உடலியங்கியல், புள்ளியியல் எந்த செமஸ்டரில், ஆய்வுக்கூட நேரம் எத்தனை என்று ஒரு தாளில் எழுதட்டும். இரண்டு, நீங்கள் அந்தத் துறைக்கே போன் செய்து, போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள், எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள், பேர் ஊர் சொல்லிப் பதில் வருகிறதா, மழுப்புகிறார்களா என்று கவனியுங்கள். அந்தத் தாளையும் மார்க் பட்டியலையும் எடுத்துக்கொண்டு மூன்று பேருமாக நாகர்கோவிலுக்கு வாருங்கள், விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம். மதினி கட்டாயம் வரணும், பிள்ளை அவர்கள் முன்னால்தான் மனசு விட்டுப் பேசுகிறாள்.