வெயிலும் கடலும் கோட்டையும் உள்ள தீவு கேட்டவருக்கு: நெடுந்தீவுக்குப் போங்கள்

"கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு தீவுக்குப் போகணும், வெயிலும் கடலும் பழைய கோட்டையும் இருக்கணும், புதுச்சேரியிலிருந்து கையைக் கடிக்காத செலவில் எங்கே போகலாம், கூட வயதான அம்மாவும் வருகிறார்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை வந்த பதில்களில் பாதி மாலத்தீவு, மீதி அந்தமான். இலங்கையில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நெடுந்தீவு என்று ஒருவர்கூட எழுதவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாலத்தீவு போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவரவர் பணம், அவரவர் ஆசை. ஆனால் நீங்கள் கோட்டை என்று கேட்டிருக்கிறீர்கள், பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறீர்கள். வழியில் பார்க்கிறவர்களோடு உங்கள் அம்மா தமிழிலேயே பேசிக்கொண்டு போகலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கடலூர் முதுநகர். 2025 மே மாதம் நான், கணவர், இரண்டு பெண்கள், மாமியார் என்று ஐந்து பேர் போனோம். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. சுமார் 110 கிலோமீட்டர் கடல், ஏறக்குறைய நாலு மணி நேரம். நீங்கள் புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக முதல் நாளே நாகை போய்த் தங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கணும். விசா விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் கிளம்புவதற்கு முன் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கப்பல் கிடையாது, காற்று பலமாக இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே திரும்பும் தேதிக்குப் பிறகு இரண்டு நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு நாள் என்று எழுதும்போதே வயிறு எரிகிறது. பெரியவள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். அவள் படிக்கும் பள்ளியில் மே முதல் வாரமே பத்தாம் வகுப்புப் பாடம் ஆரம்பித்துவிட்டார்கள். கோடை விடுமுறையில் வகுப்பு வைக்கக் கூடாது என்று கல்வித்துறை வருஷா வருஷம் சொல்கிறது, இவர்கள் வருஷா வருஷம் வைக்கிறார்கள். ஒன்பது நாள் வர மாட்டாள் என்று சொல்லப் போனேன். "மார்க் குறைந்தால் பள்ளி பொறுப்பல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். நானும் ஆசிரியைதான், வேறொரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) என்ற சொல்லைப் புத்தகத்தில் அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்வதற்கும், ஒல்லாந்தர் கோட்டைச் சுவரைத் தொட்டுப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாதா? சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் மூன்று இரவு தங்கினோம். முதல் நாள் யாழ்ப்பாணக் கோட்டை. போர்த்துக்கீசர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோண வடிவத்தில் விரித்துக் கட்டினார்கள். அதே 1658இல்தான் நாகப்பட்டினமும் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போனது. நாங்கள் கப்பல் ஏறின ஊரும் இறங்கிப் போன ஊரும் ஒரே வருஷத்தில் ஒரே ஆட்களிடம் மாறியிருக்கின்றன. மதில்மேல் நின்று இதைச் சொன்னபோது என் சின்னவள்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் நெடுந்தீவு. காலையில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ் ஏறினால், பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று போகும். ரோட்டின் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழக் கடல், நடுவில் பஸ். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம். உங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்களே, இந்த இடம்தான் யோசிக்க வேண்டியது. படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு அடி இடைவெளி இருக்கும், அலையோடு படகு ஏறி இறங்கும். என் மாமியாருக்கு முழங்கால் வலி. "நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். பின்னால் நின்ற இரண்டு பேர் கேட்காமலேயே ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து, "அம்மா, இப்ப காலை வையுங்கோ" என்று சரியாகப் படகு மேலே வந்த நொடியில் ஏற்றிவிட்டார்கள். அவர்களுக்கு அது தினப்படி வேலை போலிருந்தது.

படகில் பக்கத்தில் இருந்த பெரியவர் நெடுந்தீவுக்காரர். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். கடலூர் என்றதும், "புயல் நேரம் ரேடியோவில சொல்லுற கடலூரோ?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்கட பக்கத்து இழுவைப் படகுகள் எங்கட வலையளை அறுத்துக்கொண்டு போகுது, பிள்ளை. ஊருக்குப் போய்ச் சொல்லுங்கோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. இலங்கையில் இழுவைமடி வலைக்கு 2017இலேயே தடை வந்துவிட்டது. எங்கள் துறைமுகத்துப் படகு அங்கே வராது, வருவது வேறு ஊர்ப் படகு என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. நம் மீனவர் அந்தப் பக்கம் அடிபடுவதும் சிறையில் கிடப்பதும் எனக்குத் தெரியும், எங்கள் தெருவிலேயே அந்த வலி உண்டு. அதைக் கொண்டுவந்து அவருடைய அறுந்த வலைக்குப் பதிலாக நீட்ட மனம் வரவில்லை. இதை எழுதியதற்காக என்னைத் திட்ட வருகிறவர்கள், ஒருமுறை அந்தப் படகில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்து திட்டுங்கள்.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கும்போது அவரே இன்னொன்றும் சொன்னார். 1985 மே 15ஆம் தேதி, இதே வழியில் வந்த குமுதினிப் படகை மறித்து, குழந்தைகள் உட்படப் பலரை வெட்டிக் கொன்றார்கள். அதற்கு நினைவிடம் இருக்கிறது. நாங்கள் போனதும் மே மாதம். பிள்ளைகளை அங்கே நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம். நீங்களும் அதைத் தாண்டி ஓடிவிடாதீர்கள்.

தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர், நடந்து முடியாது. துறையிலேயே ஆட்டோ கிடைக்கும், பேசிவைத்துக்கொண்டால் எல்லா இடமும் காட்டுவார்கள். உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது வேலிதான். முள்வேலியோ ஓலைவேலியோ கிடையாது. பவளக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக, சுண்ணாம்பு சிமெண்ட் எதுவும் இல்லாமல், இடுப்பளவுக்கு அடுக்கியிருக்கிறார்கள். மாமியார் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு கல்லைத் தடவிப் பார்த்தார். "இன்னாடி இது, கல்லெல்லாம் பூ போட்டுக்கினு இருக்கு." கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சின்னக் குழிகள். பக்கத்துக் கல்லில் இட்லிமாவு பொங்கிக் காய்ந்த மாதிரி நெளிநெளியாக வரி. அந்த வரிக்குள் வெள்ளை மணல் இன்னும் இருந்தது, விரலால் தடவினால் உதிர்ந்தது. ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்தது, இப்போது யாரோ ஒருவர் வீட்டு ஆடு தாண்டாமல் இருக்க நிற்கிறது. சின்னவள் ஒரு துண்டை எடுத்துப் பையில் போடப் பார்த்தாள், வாங்கித் திரும்ப வைத்தேன். அது அந்த வீட்டுக்காரர் வேலி, சுற்றுலாப் பொருள் இல்லை.

கோட்டையும் அதே பவளக்கல்தான். கூரை போய்விட்டது, தடிச்ச சுவர்கள் மட்டும் வெயிலில் நிற்கின்றன. கூடவே ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்று உண்டு. டெல்ஃப்ட் என்று தங்கள் ஊர்ப் பெயரை இந்தத் தீவுக்கு வைத்தவர்களும் அவர்கள்தான். பிறகு பெருக்கமரம் (பாவோபாப்). ஆப்பிரிக்காவிலிருந்து அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள். அடிமரம் குடைந்து கிடக்கிறது, நாங்கள் ஐந்து பேரும் உள்ளே நின்றோம், உள்ளே வெளியைவிடக் குளிர்ச்சி. குதிரைகளைப் பார்க்காமல் பிள்ளைகள் விட மாட்டார்கள். ஐரோப்பியர் விட்டுப்போன குதிரைகளின் வம்சம், குட்டையானவை, யாருக்கும் சொந்தமில்லாமல் புல்வெளியில் திரிகின்றன. மே மாதத்தில் புல் மஞ்சளாகி, குளம் வெடித்துக் கிடந்தது, குதிரைகளுக்கு விலா தெரிந்தது. வறட்சி வந்தால் தண்ணீரில்லாமல் செத்தும் போகும் என்றார் ஆட்டோக்காரர். ஆகவே முடிந்தால் மார்ச், ஏப்ரலிலேயே போங்கள். மே கடைசியில் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) எழும்பிவிடும், படகும் ஆடும்.

கோட்டைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் பெரியவள் கேட்டாள். "அம்மா, டச்சுக்காரங்க நம்ம தேவனாம்பட்டினத்துக்கும் வந்தாங்கன்னு நீதானே கிளாஸ் எடுப்ப? நம்ம ஊர்க் கோட்டைய ஏன் எனக்கு ஒரு தடவகூட காட்டல?" என்னிடம் பதில் இல்லை. வருஷக்கணக்காகப் பாடம் எடுக்கிறேன். 1690இல் ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊரெல்லாம் சேர்த்து எழுதிக்கொண்டார்கள், அதுதான் குண்டு கிராமங்கள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே புனித டேவிட் கோட்டை என்ற அந்தக் கோட்டைதான். 1758இல் உங்கள் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்துப்போட்டார். இத்தனையும் கரும்பலகையில் எழுதுவேன். சில்வர் பீச்சுக்கு மட்டும் நூறு தடவை போயிருப்போம்.

திரும்பி வந்த வாரமே போனோம். கெடிலம் கடலில் சேரும் பக்கம் வண்டியை நிறுத்தி வழி கேட்டால், ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள். எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். பெரியவள் செங்கல்லைத் தொட்டுப் பார்த்து, "இது பவளம் இல்ல" என்றாள். பிறகு அவளே தங்கைக்குக் குண்டு கதையைச் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் சொல்வதைவிட நன்றாகச் சொன்னாள்.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மணி நேரப் படகுப் பயணம் அவருக்கு முடியாது என்று தோன்றினால், அதே குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போங்கள். கால் மணி, இருபது நிமிஷத்தில் கரை. இறங்கினதும் எதிரே நாகபூசணி அம்மன் கோயில், கொஞ்சம் தள்ளிப் புத்த விகாரை. ஆனித் திருவிழா சமயம் கூட்டம் அலைமோதும், அப்போது அம்மாவோடு வேண்டாம். நெடுந்தீவுக்கே போவதென்றால் காலை முதல் படகைப் பிடியுங்கள். மதியத்துக்கு மேல் திரும்பும் படகை விட்டால் இரவு அங்கேதான். தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டிலாவது யாழ்ப்பாணத்திலிருந்தே எடுத்துப் போங்கள். நல்ல தண்ணீர் அந்தத் தீவுக்காரர்களுக்கே அருமையான பொருள், அவர்கள் குடத்திலிருந்து நீங்கள் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அதனாலேயே கேட்கும் நிலைக்குப் போகாதீர்கள். தொப்பி, தயிர்சாதம், அம்மாவுக்கு வாந்தி மாத்திரை. யாழ்ப்பாணத்தவர் யாராவது இதைப் படித்து நான் எதையாவது பிழையாகச் சொல்லியிருந்தால் திருத்துங்கள், மாற்றிக்கொள்கிறேன்.