வயல் செய்யும் அப்பாவின் மாறாத காய்ச்சல்
தம்பி, முள்ளியவளையில் வயல் செய்யும் அப்பாவுக்கு நீரிழிவு, 3 கிழமையாகக் காய்ச்சல், இரண்டு அன்டிபயோட்டிக் எடுத்தும் மாறவில்லை, எலிக்காய்ச்சலும் இல்லையாம் என்று எழுதியிருந்தீர்கள். இது மெலியோய்டோசிஸ் என்ற பக்டீரியா நோய் என்றுதான் எனக்குச் சந்தேகம். அந்தக் கிருமி வயற்சேற்றிலேயே வாழ்வது. அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் அதை ஒன்றும் செய்யாது, ஜென்டமைசினும் பெரும்பாலும் அப்படித்தான். கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில்தான் பிடிபடும். இரத்தத்தில் மட்டும் தேடினால் தப்பிவிடலாம். சளி, சிறுநீர், சீழ் இருந்தால் அதையும் அனுப்பச் சொல்லுங்கள். ஆய்வுகூடப் படிவத்தில் 'வயல் வேலை, நீரிழிவு' என்று டொக்டர் குறிப்பது மிக முக்கியம். இல்லாவிட்டால் முளைத்த கிருமியையே வேறொன்று என்று ஒதுக்கிவிடக்கூடும். உறுதியானால் 10 நாளாவது செஃப்டாசிடைம் போன்ற ஊசி, அப்புறம் 3 மாதமாவது குளிசை. இடையில் விட்டால் திரும்ப வரும். பார்மசியில் இன்னொரு குளிசை வாங்காமல், நாளைக்கே வவுனியா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மூச்சு வாங்கினால் இன்றிரவே.