கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை

கேள்வி: எங்கள் அலுவலக உபுண்டு சர்வரில் டேட்டாபேஸ் பேக்கப்புக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். டெர்மினலில் ஓட்டினால் ஒழுங்காக வேலை செய்கிறது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் இரவு 2 மணிக்குப் போட்டால், காலையில் 0 பைட் கோப்புதான் கிடக்கிறது. டெர்மினல் திறந்ததும் படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில், கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத் சரியாகத்தானே இருக்கிறது?
- ஈரோடு வாசகர்

பதில்: அந்த 0 பைட் கோப்பு எனக்குப் பழைய பகையாளி. முதல் வேலையில் 19 நாள் சேர்த்து வைத்திருந்தேன். தேதி போட்ட பெயர்கள் தினமும் வரிசையாக வந்ததால் அளவைப் பார்க்கவே தோன்றவில்லை. டிஸ்க் படுத்த அன்றுதான் பார்த்தேன்.

கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், '>' குறியைக் (விடையைக் கோப்பில் எழுதச் சொல்லும் குறி) கண்டதும் முதலில் கோப்பைத் திறந்துவிடும். அப்புறம்தான் கட்டளையைத் தேடும். கட்டளை அகப்படாவிட்டாலும் காலிக் கோப்பு அங்கேயே நிற்கும்.

ஏன் அகப்படவில்லை? உங்கள் பாஷ்ஆர்சியைக் கிரான் படிப்பதே இல்லை. அது தரும் பாத்தில் வழக்கமாக இரண்டே இடங்கள்: /யூஎஸ்ஆர்/பின், /பின். உங்கள் பேக்கப் கட்டளை /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் இருக்கிறது என்று நினைக்கிறேன். டெர்மினலில் 'விச்' என்று எழுதி, பக்கத்தில் அந்தக் கட்டளையின் பெயரைப் போட்டுப் பாருங்கள், இடம் தெரிந்துவிடும்.

'ஸ்கிரிப்டுக்குள்ளேயே பாஷ்ஆர்சியைச் சேர்த்துவிடலாமே' என்பீர்கள். பலிக்காது. உபுண்டுவின் பாஷ்ஆர்சி, தட்டச்சு செய்ய எதிரே ஆள் இருக்கிறாரா என்று முதல் வரிகளிலேயே பார்க்கும்; இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிடும். போதாததற்கு, கிரான் கூப்பிடுவது 'பாஷ்' என்ற ஷெல்லை அல்ல, எஸ்ஹெச்சை. உபுண்டுவில் அது 'டேஷ்' என்ற வேறொரு ஷெல். ஆகவே ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷின் முழு முகவரி இருக்கட்டும்.

சரி, மருந்து: கிரான் வேலைகளை எழுதும் கோப்பான கிரான்டேபின் உச்சியில் பாத் வரியை முழுசாக எழுதுங்கள். '$பாத்' என்று பழையதோடு ஒட்டக் கூடாது. கிரான்டேப் அதை விரிக்காது, அப்படியே எழுத்தாக எடுத்துக்கொள்ளும். நான் அதிலும் ஒரு மாலையைத் தொலைத்தேன்.

சந்தேகமிருந்தால், பாத் முதலிய அமைப்புகளைப் பட்டியலிடும் 'என்வ்' கட்டளையின் விடையை ஒரு கோப்பில் கொட்டும்படி நிமிடத்துக்கொரு கிரான் வரி போட்டு, டெர்மினலில் வரும் விடையோடு ஒப்பிடுங்கள். பார்த்தபின் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

இன்னொன்று. தேதிக் கட்டளையை நேராகக் கிரான் வரியில் எழுதினால் % குறிக்கு முன் பின்சாய்கோடு வேண்டும். இல்லாவிட்டால் கிரான் அதைப் புதுவரியாக எடுத்துக்கொண்டு, கட்டளையைப் பாதியில் வெட்டிவிடும். ஸ்கிரிப்டுக்குள் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.