நிலத்தடி ஆறு என்றால் என்ன? அது குகையை எப்படிக் குடைகிறது?

தரைக்கு அடியில், பாறைக்குள் அமைந்த வழிகளில் ஓடும் ஆறுதான் நிலத்தடி ஆறு. பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் இருக்கும்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று லேசான அமிலமாகிறது. மயிரிழை விரிசல்களில் இறங்கிப் பாறையைக் கரைக்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தில் படிந்த வெள்ளைப் படிவம் வினிகரில் கரைவதைப் போலத்தான்; என்ன, இதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடிக்கும்! சற்று அகன்ற விரிசலுக்கு நீர் அதிகம் வரும். அதனால் அது இன்னும் அகலும். ஓட்டம் வலுத்தபின் மணலும் கற்களும் உரசிக் குடையும்.

ஸ்லோவேனியாவின் ரேகா ஆறு ஷ்கோட்சியான் குகைகளுக்குள் மறைந்து, 30 கிலோமீட்டருக்கும் அப்பால் இத்தாலியில் திமாவோ என்ற பெயருடன் வெளிவருகிறது.

கிணற்று நீரெல்லாம் இப்படி ஆறாக ஓடுவது என்று எண்ண வேண்டாம்; பெரும்பாலும் அது மணல், பாறை இடுக்குகளில் ஊறி மிக மெதுவாக நகரும் நீர்தான்.